வாடிக்கையாளரிடம் போட்டோ, வீடியோ கேட்டு வாங்குவது எப்படி? சின்ன பிராண்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஈரோட்டில் வீட்டிலிருந்தே பொடி வியாபாரம் செய்கிறேன். கொள்ளுப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, இட்லிப் பொடி என்று நான்கே சரக்கு. ஆரம்பித்த புதிதில் 6,500 ரூபாய் கொடுத்து ஸ்டுடியோவில் படம் எடுத்தேன். கருப்புத் துணி, மண் சட்டி, பக்கத்தில் சிதறவிட்ட வர மிளகாய். படம் என்னவோ அழகுதான். அதைப் பார்த்துவிட்டு ஆர்டர் போட்டவர் என்று எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை.

அதே மாதம் கோபியிலிருந்து ஓர் அம்மா வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினார். டியூப்லைட் வெளிச்சம், எவர்சில்வர் தட்டு, ஆவி பறக்கும் சோறு, நடுவில் குழி, குழியில் நெய், அதன்மேல் என் பருப்புப் பொடி. தட்டின் ஓரத்தில் அவர் பேரனின் சின்ன விரல் இரண்டு. கீழே, “பொடி தீந்து போச்சு கண்ணு, இன்னும் ரெண்டு அனுப்பி விடு” என்று எழுதியிருந்தார். அவரிடம் கேட்டு அதை ஸ்டேட்டஸில் வைத்தேன். அன்று மட்டும் 11 பாக்கெட் போனது.

சரி, இனி எல்லோரிடமும் இதைக் கேட்டுவிடலாம் என்று இறங்கினேன். கேட்கக் கூடாத நேரத்தில் கேட்டேன், கொடுக்கக் கூடாததைக் கொடுத்தேன், போடக் கூடாத வீடியோவைப் போட்டேன். இரண்டரை வருடம் பட்ட பாட்டை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். நீங்கள் சோப்பு, சுங்குடி, செக்கு எண்ணெய் என்று எது விற்றாலும் பெரும்பகுதி பொருந்தும். விளம்பரத் துறையில் இதற்கு யூஜிசி (யூசர் ஜெனரேட்டட் கன்டென்ட், அதாவது வாடிக்கையாளரே எடுத்துத் தரும் படம், வீடியோ) என்று பெயர். பல்கலைக்கழக மானியக் குழுவைத் தேடிப் போய்விடாதீர்கள், நான் போனேன்.

1. கேட்பதற்கு முன் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

வாடிக்கையாளர் படம் எடுத்தால் அதில் உங்கள் லேபிளும் விழும். ஆயிரம் பேர் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். அதனால் முதல் வேலை லேபிளைச் சரிசெய்வது. உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ கொடுத்த 14 இலக்க எண், தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், சேர்மானம், நிகர எடை, விலை, உங்கள் முகவரி எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். என் பழைய லேபிளில் தேதியை பேனாவால் எழுதுவேன். எண்ணெய்க் கை பட்டதும் அழிந்துவிடும். வாடிக்கையாளர் ஒருவர் போட்ட படத்தின் கீழே யாரோ “தேதியே இல்லையே” என்று கேட்ட பிறகுதான் முத்திரைக் கட்டை வாங்கினேன்.

அடுத்தது, பிராண்டின் பெயர் எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும். இன்ஸ்டாகிராமில் ஒன்று, பாக்கெட்டில் வேறொன்று என்றால் உங்களை டேக் செய்ய நினைப்பவர் தேடிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். அந்தப் பெயரையும் வாட்ஸாப் எண்ணையும் பாக்கெட்டின் பின்பக்கம் போடுங்கள். நீளமான ஹேஷ்டேக் எல்லாம் வேண்டாம், யாரும் தட்டச்சு செய்வதில்லை.

2. எதைக் கேட்பது என்று முடிவு செய்யுங்கள்

“எங்கள் பொருளைப் பற்றி ஒரு வீடியோ போடுங்களேன்” என்று கேட்டால் நூற்றுக்கு தொண்ணூறு பேர் “பார்க்கிறேன்” என்பார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். வீடியோ என்றதும் முகத்துக்கு பவுடர் போட வேண்டும், வீட்டை ஒழுங்கு செய்ய வேண்டும், என்ன பேசுவது என்று தெரியவில்லை என்று ஆயிரம் தயக்கம்.

ஒரே ஒரு சின்ன விஷயத்தைக் கேளுங்கள். நான் கேட்பது இது: “தட்டை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. முகம் வேண்டாம்.” முகம் வேண்டாம் என்ற இரண்டு சொல்லைச் சேர்த்ததும் வரும் படங்கள் இரண்டு மடங்காயின. முக்கியமாக 40 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் அனுப்ப ஆரம்பித்தார்கள். என் பொடியை அதிகம் வாங்குவது அவர்கள்தான், அதுவரை படம் அனுப்பத் தயங்கியவர்களும் அவர்கள்தான்.

சேலை விற்கிறீர்கள் என்றால் முந்தானை மடிப்பு மட்டும். சோப்பு என்றால் பாதி கரைந்த சோப்பு, சோப்பு டப்பாவோடு. எண்ணெய் என்றால் வாணலியில் ஊற்றும் 5 விநாடி. அழகான படம் கேட்காதீர்கள். அழகான படம் ஸ்டுடியோவில் கிடைக்கும். ஹாஸ்டல் பையன் ஒருவன் டம்ளர் மூடியில் பொடியைக் கொட்டி, அதில் பிரெட்டைத் தொட்டுச் சாப்பிடும் படத்தை அனுப்பினான். இட்லிப் பொடிக்கு வந்த படங்களிலேயே அதிகம் பேர் பகிர்ந்தது அதுதான்.

படம் வாட்ஸாப்பில் வந்தால் தரம் குறைந்துவிடும். நன்றாக இருக்கும் படத்தை மட்டும் “டாக்குமென்ட்டாக அனுப்ப முடியுமா?” என்று திரும்பக் கேட்டு வாங்குங்கள். எல்லோரிடமும் முதலிலேயே இதைச் சொன்னால் குழம்பிப் போய் ஒன்றும் அனுப்ப மாட்டார்கள்.

3. எப்போது கேட்பது

பார்சல் கையில் கிடைத்த அன்று கேட்காதீர்கள். அன்று அவரிடம் இருப்பது அட்டைப் பெட்டி. பெட்டியைப் படம் எடுத்து அனுப்புவார், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பத்து நாள் கழித்துக் கேட்டால் பொடி தீர்ந்திருக்கும், பாக்கெட் குப்பைக்குப் போயிருக்கும்.

என் கணக்கில் பார்சல் சேர்ந்த மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரைதான் சரியான சமயம். அதிலும் இட்லிப் பொடி வாங்கியவர்களுக்கு சனிக்கிழமை இரவு 8 மணி வாக்கில் அனுப்புகிறேன். நாளைக்கு ஞாயிறு, மாவு ஆட்டி வைத்திருப்பார்கள். காலையில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், யாராவது ஒருவர் கையில் போன் இருக்கும். பருப்புப் பொடிக்கு வார நாளில் காலை 11 மணி. மதியச் சோற்றுக்கு முன்னால் ஞாபகப்படுத்தினால் போதும்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் கேட்கவே கேட்காதீர்கள். முறுக்கு பிழிந்துகொண்டிருப்பவரிடம் போட்டோ கேட்டால் உங்கள் எண்ணை பிளாக் செய்தாலும் தப்பில்லை.

ஒருமுறை கேட்டு வரவில்லை என்றால், அடுத்த ஆர்டரின்போது இன்னொரு முறை. அதற்கு மேல் கூடாது.

4. எப்படிக் கேட்பது

பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டை, அப்புறம் வாட்ஸாப்பில் ஒரு செய்தி. இரண்டும் வேண்டும். அட்டை பார்த்ததும் மறந்துவிடும், ஆனால் பிறகு செய்தி வரும்போது “ஆமா, அதுல ஏதோ போட்டிருந்துச்சே” என்று தோன்றும்.

எல்லோருக்கும் ஒரே செய்தியை பிராட்காஸ்டில் தட்டிவிடாதீர்கள். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம்தான். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். புது வாடிக்கையாளர் யார் உங்கள் எண்ணைச் சேமித்திருக்கப் போகிறார்? இது தெரியாமல் ஒரு மாதம் முழுக்க பிராட்காஸ்ட் அனுப்பிவிட்டு “யாருமே பதில் சொல்லல” என்று புலம்பினேன். வாட்ஸாப் பிசினஸில் குவிக் ரிப்ளை என்ற வசதி இருக்கிறது. செய்தியை அதில் சேமித்து, பெயரையும் பொருளையும் மாற்றி ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்புங்கள்.

நான் அனுப்பும் செய்தி:

“வணக்கம் அக்கா. செவ்வாய்க்கிழமை வந்த கறிவேப்பிலைப் பொடி எப்படி இருக்கு? உப்பு, காரம் சரியா இருக்குங்களா? அடுத்த தடவை சாப்பிடும்போது தட்டை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுங்களா? முகம் வேண்டாங்க. குறை இருந்தாலும் தாராளமா சொல்லுங்க.”

முதலில் உப்பு காரத்தைக் கேட்டதைக் கவனியுங்கள். அது ஒப்புக்குக் கேட்கும் கேள்வி அல்ல. பாதிப் பேர் போட்டோ அனுப்பாவிட்டாலும் அதற்குப் பதில் சொல்வார்கள். “காரம் கம்மி, ஆனா குழந்தைங்க நல்லா சாப்பிடறாங்க” என்று வரும் ஒரு வரியே நல்ல விளம்பரம். அதையும் அனுமதி கேட்டுப் பெயர், எண்ணை மறைத்து ஸ்க்ரீன்ஷாட்டாகப் போடலாம்.

5. அனுமதி எழுத்தில் வேண்டும்

பெரும்பாலானவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான். நமக்கு அனுப்பிய படம் நம்முடையது என்று நினைத்துக்கொள்கிறோம். இல்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவாகப் படம் எடுத்தவர்தான் அதன் முதல் உரிமையாளர். உங்கள் பாக்கெட் அதில் இருக்கிறது என்பதற்காகப் படம் உங்களுக்கு வந்துவிடாது. உரிமையை முழுதாக மாற்றித் தர வேண்டுமானால் கையெழுத்து வேண்டும். நமக்கு அதெல்லாம் தேவையில்லை, பயன்படுத்திக்கொள்ள அனுமதி போதும். அந்த அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும்.

எதற்கு என்பதையும் எழுதிக் கேளுங்கள். ஸ்டேட்டஸில் வைக்க ஒப்புக்கொண்டவர், அதைப் பெட்டியில் அச்சடிக்க ஒப்புக்கொண்டதாக அர்த்தம் இல்லை. இன்ஸ்டாகிராமில் உங்களை டேக் செய்தார் என்றால், ஸ்டோரியை 24 மணி நேரத்துக்குள் உங்கள் ஸ்டோரியில் சேர்த்துக்கொள்ளலாம், ஆப்பே வழி கொடுக்கிறது. அதே படத்தைக் காசு கொடுத்து விளம்பரமாக ஓட்டுவது வேறு விஷயம், தனியாகக் கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு சேலைக் கடைக்காரர், டேக் செய்த பெண்ணின் படத்தை ஃபிளெக்ஸ் பேனரில் போட்டுவிட்டார். அந்தப் பெண்ணின் மாமனார் பேருந்தில் போகும்போது பார்த்திருக்கிறார். அப்புறம் நடந்ததை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை காலம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த எல்லைக்குள் என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ பொருள் அனுப்பி அங்கே விளம்பரம் ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நான் அனுப்பும் அனுமதிச் செய்தியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

“இந்தப் படத்தை எங்கள் வாட்ஸாப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம், பெட்டிக்குள் வைக்கும் அட்டை, கட்டண விளம்பரம் ஆகியவற்றில் 2 ஆண்டுகளுக்கு, எந்த நாட்டிலும் பயன்படுத்திக்கொள்ளலாமா? உங்கள் பெயர் போடலாமா, ஊர் மட்டும் போதுமா? இந்தப் படத்தை எடுத்தது நீங்கள்தானே? எப்போது வேண்டாம் என்று சொன்னாலும் இணையத்திலிருந்து எடுத்துவிடுகிறோம். சம்மதம் என்றால் ‘சம்மதம்’ என்று பதில் போடுங்கள்.”

தம்ஸ்-அப் பொம்மையை மட்டும் போட்டால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். எழுத்தில் ஒரு சொல் வேண்டும். “எடுத்தது நீங்கள்தானே” என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒருவர் அனுப்பிய அருமையான தோசைப் படம் ஏதோ ஓட்டலின் பக்கத்திலிருந்து எடுத்தது என்று பிறகு தெரிந்தது.

பதில் வந்ததும் அந்த உரையாடலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, படத்தோடு ஒரே ஃபோல்டரில் போடுங்கள். தனியாக ஒரு நோட்டோ ஷீட்டோ வைத்துக்கொள்ளுங்கள்: தேதி, பெயர், எந்தப் பொருள், எதற்கெல்லாம் சம்மதம், எந்தத் தேதிவரை, அன்பளிப்பு கொடுத்தோமா. போன் தொலைந்தபோது எனக்கு மிஞ்சியது இந்த நோட்டு மட்டும்தான். ஸ்க்ரீன்ஷாட் எதையும் வேறெங்கும் எடுத்து வைக்காததால் 30 படத்துக்கு மறுபடி ஒவ்வொருவராகக் கேட்டேன்.

குழந்தை முகம் தெரிந்தால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். பாட்டி அனுப்பிய பேரன் படமாக இருந்தாலும் அப்பா அம்மாவிடம் கேளுங்கள். நான் இப்போது குழந்தை முகம் உள்ள படத்தை எடுத்துக்கொள்வதே இல்லை. விரல் தெரிந்தால் போதும்.

6. என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக் கூடாது

நான் செய்த பெரிய தப்பு இங்கேதான். பெட்டிக்குள் ஓர் அட்டை வைத்தேன்: “5 நட்சத்திரம் போட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால் அடுத்த ஆர்டரில் 50 ரூபாய் தள்ளுபடி.” 17 பேர் கூகுளில் போட்டார்கள். ஒரு நாள் காலையில் பார்த்தால் 17-ம் காணோம். அதோடு, எந்தத் தள்ளுபடியும் வாங்காமல் தானாகவே எழுதிய நான்கு பேரின் மதிப்புரையும் போய்விட்டது. அந்த நான்குக்குத்தான் இன்றும் மனசு ஆறவில்லை.

மதிப்புரை எழுதுவதற்கோ, மாற்றுவதற்கோ, நீக்குவதற்கோ காசு, தள்ளுபடி, இலவசப் பொருள் எதுவும் கொடுக்கக் கூடாது என்பது கூகுளின் விதி. திருப்தியானவரை மட்டும் பொறுக்கியெடுத்து எழுதச் சொல்வதும் கூடாது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இணைய மதிப்புரைகளுக்கென்றே 2022-இல் ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. விலைக்கு வாங்கிய மதிப்புரையைப் போடக் கூடாது என்கிறது அது. “ஐம்பது மதிப்புரை, இரண்டாயிரம் ரூபாய்” என்று செய்தி அனுப்பும் ஆட்களுக்குப் பதில்கூடப் போடாதீர்கள்.

ஆக, மதிப்புரையும் படமும் வேறு வேறு. மதிப்புரைக்கு லிங்க்கையோ க்யூஆர் கோடையோ கொடுத்து “உங்க அனுபவத்தை எழுதுங்க” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் போடுவதற்கான படத்துக்கு அன்பளிப்பு கொடுக்கலாம், இரண்டு நிபந்தனையோடு.

முதலாவது, பாராட்டுக்காகக் கொடுக்கக் கூடாது. “உப்பு கூட” என்று எழுதி அனுப்பியவருக்கும் அதே அன்பளிப்பு. நான் அடுத்த ஆர்டரோடு 50 கிராம் பொடி வைக்கிறேன். அதிலும் முழு லேபிள் இருக்கும். சாம்பிள்தானே என்று வெறும் கவரில் கட்டிக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, கொடுத்ததை வெளியே சொல்ல வேண்டும். இலவசமாகப் பொருள் வாங்கிக்கொண்டு ஒருவர் பரிந்துரைத்தால் அது விளம்பரம்தான். நிபந்தனை போட்டுக் கொடுத்தோமா, போடாமல் கொடுத்தோமா என்பது கணக்கில்லை. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விளம்பர நெறிமுறைகளும், அதற்கு முந்தைய ஆண்டு விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பான ஏஎஸ்சிஐ போட்ட விதிகளும் இந்தத் தொடர்பை மறைக்கக் கூடாது என்கின்றன. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது, மறுபடியும் செய்தால் 50 லட்சம்வரை. நம்மைத் தேடி வருவார்களா என்று கேட்காதீர்கள். போட்டிக் கடைக்காரர் ஒருவர் புகார் எழுதினால் போதும்.

சொல்வது கஷ்டமே இல்லை. படத்தின் கீழே முதல் வரியில் “விளம்பரம்” என்றோ “இலவசமாகப் பெற்ற பொருள்” என்றோ தமிழிலேயே போடலாம். பத்து ஹேஷ்டேக்குக்கு நடுவில் ஒளித்து வைக்கக் கூடாது. வீடியோ 15 விநாடிக்குள் என்றால் அந்தச் சொல் குறைந்தது 3 விநாடி திரையில் நிற்க வேண்டும் என்பது ஏஎஸ்சிஐ கணக்கு. நான் “படம் அனுப்பியவருக்கு 50 கிராம் பொடி அன்பளிப்பு” என்ற வரியையும் சேர்த்துப் போடுகிறேன். இதனால் விற்பனை குறைந்ததாகத் தெரியவில்லை. “நானும் படம் அனுப்பட்டுமா?” என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

குலுக்கல் பற்றி ஒரு எச்சரிக்கை. பொங்கலுக்கு “போட்டோ அனுப்புங்கள், குலுக்கலில் ஒருவருக்கு அரை கிராம் தங்கம்” என்று அறிவிக்க நோட்டீஸ்வரை தயார் செய்துவிட்டேன். ஆடிட்டரிடம் வேறு வேலையாகப் போனபோது வாய்தவறிச் சொன்னேன், பிழைத்தேன். தமிழ்நாட்டில் பரிசுத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 1979-லிருந்தே இருக்கிறது. விற்பனையைப் பெருக்குவதற்காக நடத்தும் போட்டி, லாட்டரி, அதிர்ஷ்ட விளையாட்டு ஆகியவற்றை நுகர்வோர் சட்டமும் முறையற்ற வணிக நடைமுறை என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. பொருள் வாங்கினால்தான் கலந்துகொள்ளலாம் என்ற குலுக்கலை ஆலோசனை கேட்காமல் தொடாதீர்கள். ஒருவருக்குத் தங்கம் என்பதைவிட அனுப்பிய எல்லோருக்கும் 50 கிராம் பொடி என்பது நிம்மதி.

7. வாடிக்கையாளர் வைத்தியம் பேசினால்

“கொழுத்தவனுக்குக் கொள்ளு, இளைத்தவனுக்கு எள்ளு” என்று நம் ஊரில் சொல்லாதவர் கிடையாது. கொள்ளுப் பொடி விற்கும் எனக்கு அதுவே பெரிய வம்பாகப் போனது.

திருப்பூரிலிருந்து ஓர் அண்ணா ஒன்றரை நிமிட வீடியோ அனுப்பினார். நல்ல வெளிச்சம், தெளிவான பேச்சு. “இந்தக் கொள்ளுப் பொடிய ரெண்டு மாசமா சாப்பிடறேனுங்க. நாலு கிலோ இறங்கிட்டேன். சுகரும் கட்டுக்குள்ள வந்துருச்சு.” எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே போட்டேன். மூன்றாம் நாள் இன்னொரு வாடிக்கையாளர், ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனாக வேலை செய்பவர், போன் செய்தார். “ஏனுங்க, அந்த வீடியோவை முதல்ல எடுத்துடுங்க. சுகர் மாத்திரையை நிறுத்திட்டு யாராவது உங்க பொடிய சாப்பிட்டா என்ன பண்ணுவீங்க?” என்றார்.

நான் சொல்லவில்லையே, வாடிக்கையாளர்தானே சொன்னார் என்ற வாதம் எடுபடாது. உங்கள் பக்கத்தில் நீங்கள் போட்டால் அது உங்கள் விளம்பரம். உணவுப் பொருளை விற்கும்போது நோயைத் தடுக்கும், தணிக்கும், குணப்படுத்தும் என்றெல்லாம் நம் இஷ்டத்துக்குச் சொல்ல முடியாது என்று 2018-ஆம் ஆண்டு உணவு விளம்பர ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. தவறான உணவு விளம்பரத்துக்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம். சோப்பு, எண்ணெய் விற்பவர்களுக்கும் சொல்கிறேன்: முடி கொட்டுவது நின்றது, தேமல் போனது என்று வரும் வீடியோக்களை அப்படியே போடாதீர்கள்.

வந்த வீடியோவைத் தூக்கியும் போட வேண்டாம். அந்த அண்ணாவுக்கே போன் செய்து, “எடை, சுகர் பத்திப் பேசின இடத்தை விட்டுட்டு, சோத்துல எப்படிப் பிசைஞ்சு சாப்பிடறீங்கன்னு மட்டும் காட்டுங்கண்ணா” என்றேன். நல்லெண்ணெய் ஊற்றி, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவதை எடுத்து அனுப்பினார். முன்னதைவிட இதுதான் நன்றாகவே ஓடியது. வெங்காயம் கடிபடும் சத்தத்துக்கே ஆர்டர் வந்தது என்று என் வீட்டுக்காரர் இன்றும் கேலி செய்வார்.

8. போடுவதற்கு முன் ஒரு நிமிடம்

பார்சல் பிரிக்கும் வீடியோ என்றால் கூரியர் ஸ்டிக்கரைப் பாருங்கள். வாடிக்கையாளரின் வீட்டு முகவரியும் போன் எண்ணும் அதில் அப்படியே தெரியும். மறைத்துவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பகுதியை வெட்டுங்கள்.

அடுத்தது சினிமாப் பாட்டு. தனிநபர் தன் கணக்கில் ஆப் கொடுக்கும் பாட்டைச் சேர்த்துப் போடலாம். வியாபாரத்துக்கு அதே பாட்டு என்றால் உரிமை தனி. வீடியோ முடக்கப்படலாம், பாட்டு நிறுவனத்திடமிருந்து நோட்டீஸும் வரலாம். “பாட்டு போடாம அனுப்புங்க” என்று முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். கடுகு வெடிக்கும் சத்தம் இருக்கும்போது பாட்டு எதற்கு?

முகத்தை வெள்ளையாக்குவது, நிறத்தைக் கூட்டுவது போன்ற திருத்தங்கள் வேண்டாம். ஓரத்தை வெட்டலாம், வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றலாம், அவ்வளவுதான். பின்னால் பூஜை அறை, மருந்துச் சீட்டு, பீரோ திறந்து கிடப்பது ஏதாவது தெரிகிறதா என்றும் ஒரு பார்வை.

9. செலவும் நேரமும்

எனக்கு மாதம் சுமார் 160 ஆர்டர். பெட்டிக்குள் வைக்கும் அட்டை ஆயிரம் அடிக்க 850 ரூபாய் ஆனது, அதாவது ஒன்றுக்கு 85 காசு, மாதத்துக்கு 136 ரூபாய். படம் அனுப்புபவர்கள் 22 பேர் வாக்கில். ஆளுக்கு 50 கிராம் பாக்கெட், கவர் லேபிள் எல்லாம் சேர்த்து எனக்கு அடக்கம் 22 ரூபாய், ஆக 484. மொத்தம் 620 ரூபாய். அந்த 22-இல் சம்மதம் எழுதித் தருபவர்கள் 17 பேர் இருப்பார்கள், பயன்படும்படி இருப்பது பத்து. ஒரு படம் 62 ரூபாய். ஸ்டுடியோக்காரர் ஐந்து படத்துக்கு 6,500 வாங்கினார்.

அன்பளிப்பை அடுத்த ஆர்டரோடு மட்டும் அனுப்புங்கள். தனியாக அனுப்பினால் கூரியர் செலவு பொடியின் விலையைத் தாண்டிவிடும். இன்னொன்று, பல கூரியர்களில் 500 கிராம் வரை ஒரு கட்டணம், அதைத் தாண்டினால் அடுத்த கட்டணம். 450 கிராம் பார்சலில் 50 கிராமை வைத்து, பெட்டி எடையோடு சேர்த்து 530 ஆக்கி, நான்கு மாதம் தண்டச் செலவு செய்தேன். தராசில் வைத்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

நேரம் தினமும் முக்கால் மணி. செய்தி அனுப்ப 20 நிமிடம், வந்ததற்குப் பதில் சொல்ல 15, நோட்டில் எழுத 10. முதல் மாதம் மூன்று நான்கு படம்தான் வரும். எனக்கு மூன்றாம் மாதம்தான் இரட்டை இலக்கம் தொட்டது. அதுவரை வந்த படத்தையே திரும்பத் திரும்பப் போட்டாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

10. குறை சொல்லி வந்தால்

படம் கேட்டால் இதுவும் வரும். ஒரு பெண் பாக்கெட்டுக்குள் பொடி கட்டி கட்டியாக இருப்பதைப் படமெடுத்து ஸ்டோரியில் என்னை டேக் செய்துவிட்டார். மழைக்காலம், சீல் சரியாக ஒட்டவில்லை. அழிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், அழித்தால் காசு தருகிறேன் என்று சொல்லவே சொல்லாதீர்கள். அந்தச் செய்தியின் ஸ்க்ரீன்ஷாட் அடுத்த ஸ்டோரியில் வந்து நிற்கும்.

நான் செய்தது: பத்து நிமிடத்துக்குள் போன் செய்து, எந்தத் தேதிப் பாக்கெட் என்று கேட்டேன். அன்றைக்கு அடைத்ததில் என்னிடம் மீதமிருந்த 9 பாக்கெட்டையும் பிரித்துப் பார்த்தேன், இரண்டில் அதே கதை. பணத்தைத் திருப்பி அனுப்பி, புதுப் பாக்கெட்டும் அனுப்பினேன். அதே தேதிப் பாக்கெட் வாங்கிய மற்ற 14 பேருக்கும் நானே செய்தி போட்டேன். அப்புறம் சீல் மெஷினின் சூட்டுக் கம்பியை மாற்றியதை 20 விநாடி வீடியோ எடுத்து என் பக்கத்தில் போட்டு, அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு அவரை டேக் செய்தேன். கம்பி 120 ரூபாய். அவர் பழைய ஸ்டோரியை அழிக்கவில்லை, 24 மணி நேரத்தில் அதுவே போய்விட்டது. அடுத்த மாதம் இரண்டு கறிவேப்பிலைப் பொடி வாங்கினார். போட்டோ நான் கேட்கவில்லை.